வாரண்டி போகாமல் ஸ்போர்ட்ஸ் காரின் பிக்கப்பைக் கூட்ட முடியுமா?

குளச்சல்காரத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருக்கு மஸ்கட்டில் வேலை. வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான் ஊரில் இருப்பார். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக், ரியர் வீல் டிரைவ், இரண்டே கதவு உள்ள ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரண்டி இன்னும் ஆறு மாதம் பாக்கி. 0–100 கி.மீ. வேகத்துக்கு 5.4 நொடி என்று கம்பெனி சொல்கிறது. இவர் போனில் ஒரு ஆப் போட்டு அளந்தால் ஆறு நொடிக்குக் கீழே வரவே இல்லை. கொச்சியில் ஒரு கடைக்காரர், "சிப் டியூனிங் பண்ணினால் 50 குதிரைத்திறன் கூடும். சர்வீஸுக்குப் போகும் முன் பழைய ப்ரோக்ராமை ஏற்றித் தருகிறேன், யாருக்கும் தெரியாது" என்கிறாராம். எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரின் ப்ரோக்ராமை மாற்றுவதுதான் சிப் டியூனிங். கூட்டாளிகளும், "போடு மக்கா, வண்டி பறக்கும்" என்று ஏற்றிவிடுகிறார்கள். போடலாமா, வாரண்டி போகாமல் வேறு வழி உண்டா என்பது கேள்வி.

வாரண்டி இருக்கும்வரை போட வேண்டாம் தம்பி. வேறு வழி உண்டு, அது உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 5.4 நொடியில் போக வேண்டிய வண்டி ஆறு நொடி எடுக்கிறது என்றால் அந்த 0.6 நொடிக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள். அது எங்கே போனது என்று தேடாமல், அதன் மேல் 50 குதிரையை ஏற்றுவதில் அர்த்தம் இல்லை. அப்படித் தேடுவதற்கு உங்கள் கையில் இருக்கும் நல்ல கருவியே அந்த வாரண்டிதான். பிக்கப்புக்காக வாரண்டியைப் பணயம் வைக்க எல்லாரும் யோசிக்கிறார்கள். வாரண்டியை வைத்தே பிக்கப்பை மீட்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

முதலில் அளவு. கம்பெனிக்காரன் அளப்பது சமதளப் பாதையில், நல்ல ஆக்டேன் பெட்ரோலில், அதிகச் சூடில்லாத நாளில், டிரைவர் ஒருவரோடு. அமெரிக்கப் பத்திரிகைகளும் சில கம்பெனிகளும் வண்டி முதல் ஒரு அடி உருண்ட பிறகுதான் கடிகாரத்தையே தொடங்குவார்கள். அதிலேயே கால் நொடிக்குப் பக்கம் மிச்சமாகும். உங்கள் போன் ஆப் அப்படிக் கணக்குப் பண்ணாது, போனில் உள்ள ஜிபிஎஸ்ஸும் அவ்வளவு துல்லியம் இல்லை. டிராகி மாதிரி இதற்கென்றே விற்கும் ஜிபிஎஸ் பெட்டி பரவாயில்லை. அது சாலையின் ஏற்ற இறக்கத்தையும் காட்டும். நம் ஊரில் காற்று வேறு ஒரு தொல்லை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் அளந்தால் அங்கே காற்றாலைகளை எதற்கு நட்டிருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். 100 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், காற்றுத் தடை 69 சதவீதம் கூடிவிடும். ஒரு திசையில் மட்டும் அளந்த எண்ணை நம்ப வேண்டாம். போக ஒன்று, வர ஒன்று எடுத்துச் சராசரி பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொதுச் சாலையில் வேகப் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நம் வேலைக்கு 0–100 தேவையும் இல்லை. ஆள் இல்லாத நேரத்தில், ஒரே இடத்தில், மூன்றாம் கியரில் பூட்டிவைத்து 40லிருந்து 80க்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு வேலை முடிந்த பிறகும் அதே இடத்தில் அதே அளவு. டயர் வழுக்கல், கிளம்பும் சாமர்த்தியம் எல்லாம் கழிந்து எஞ்சினின் உண்மை இதில் தெரிந்துவிடும்.

சரி, அந்த 0.6 நொடி எங்கே போயிருக்கும்? என் முதல் சந்தேகம் பெட்ரோல் மேல்தான்.

டர்போ எஞ்சின் காற்றை அமுக்கித் திணிக்கிறது. அதனால் சிலிண்டருக்குள் சூடும் அழுத்தமும் அதிகம். ஸ்பார்க் பற்றவைத்த நெருப்பு பரவி முடிப்பதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடித்தால் அதற்குப் பெயர்தான் நாக்கிங். ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல் இதைத் தாங்கும், குறைந்தது தாங்காது. எஞ்சின் பிளாக்கில் இருக்கும் நாக் சென்சார் அந்த அதிர்வைக் கேட்டதும் ஈசியூ என்கிற கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைத் தள்ளிப்போடும், தேவைப்பட்டால் டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்டையும் குறைக்கும். எஞ்சின் தப்பித்துவிடும், பிக்கப் போய்விடும். டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது, ஒரு சத்தமும் வராது. வண்டி கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றும்.

பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் குறைந்தபட்சம் எவ்வளவு, சிபாரிசு எவ்வளவு என்று எழுதியிருக்கும். ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார்களில் பலவற்றுக்கு, கம்பெனி சொல்லும் குதிரைத்திறனும் நொடிக் கணக்கும் 98 ஆக்டேனில் எடுத்தவை. நம் நாட்டில் சாதாரண பெட்ரோல் வெகுகாலம் 91தான். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் 95க்குப் பக்கம் வந்திருப்பதாக அரசு சொல்கிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும் 98க்கு இடைவெளி இருக்கிறது. இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர் 99, இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த எக்ஸ்பி 100 ஆகியவை இதற்குச் சரியாக இருக்கும். விலை அதிகம், எல்லாப் பங்கிலும் கிடைக்காது. திருவனந்தபுரம் பக்கமோ மதுரை பக்கமோ போகும்போது எந்தப் பங்கில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காத நாளில் எக்ஸ்பி 95. ஊற்றிய உடனே வித்தியாசம் தெரியவில்லை என்று சிலர் குறைப்படுவார்கள். ஈசியூ பழைய பெட்ரோலுக்குப் பழகியிருக்கும். புதியதை நம்பி டைமிங்கைத் திரும்ப முன்னே கொண்டுவர அதற்குச் சில ஓட்டம் வேண்டும். பழைய பெட்ரோல் டாங்கில் பாதி இருக்கும்போது மேலே ஊற்றினால் ஆக்டேனும் நடுவில்தான் நிற்கும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஊரிலிருந்து விமானம் ஏறும்போது டாங்கை நிரப்பி வைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். எட்டு ஒன்பது மாதம் நின்ற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி குறைந்திருக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இனிமேல் கால் டாங்கோடு விட்டுப் போங்கள். வந்ததும் புதிதாக ஊற்றி, முதல் டாங்க் முடியும்வரை முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஓட்டுங்கள். கடையில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் மாங்கனீஸ் சேர்மமோ ஃபெரோசீனோ இருக்கும். இரண்டும் ஸ்பார்க் பிளக்கிலும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரிலும் படியும். நாளைக்கு அந்தக் கன்வர்ட்டர் போனால், பிளக்கின் நிறத்தைப் பார்த்தே சர்வீஸ் சென்டர்காரர் கையை விரித்துவிடுவார்.

அடுத்து காற்று. 25 டிகிரியில் இருக்கும் காற்று 40 டிகிரிக்குச் சூடானால் அடர்த்தி ஐந்து சதவீதம் குறையும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடலும் பக்கத்திலேயே, அதனால் ஈரப்பதத்துக்குக் குறைவில்லை. 32 டிகிரி வெயிலில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் எஞ்சின் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு நீராவிதான். டர்போ இதில் கொஞ்சத்தை ஈடுகட்டும், ஆனால் அதற்காக இன்னும் கடினமாக உழைத்துக் காற்றை இன்னும் சூடாக்கும். மார்த்தாண்டம் கடைவீதியில் இருபது நிமிஷம் ஊர்ந்துவிட்டு, வெளியே வந்ததும் காலை அழுத்தி அளந்தால் நல்ல எண் வராது. டர்போ அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் கொதித்துப்போயிருக்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிக் காற்றுப் படவிட்டு, பிறகு பாருங்கள். விடிகாலையில் அளந்த எண்ணையும் மத்தியானம் அளந்த எண்ணையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதும் வீண்.

கடற்கரை வீட்டு வண்டிக்கென்று தனி வியாதிகள் உண்டு, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் ஷெட்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். டிஸ்க்கின் ஓரத்தில் துரு வரம்பு கட்டியிருக்கும். பிரேக் பேட் ஒட்டியிருந்த இடம் மட்டும் அதன் அச்சாகவே தெரியும். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கான பின்னில் கிரீஸ் காய்ந்து, உப்போடு சேர்ந்து வெள்ளைப் பசையாக இருக்கும். டிஸ்க்கைக் கையால் சுற்றினால் ஒரு இடத்தில் மட்டும் சர்ரென்று உரசும். இப்படி ஒரு சக்கரம் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தாலே பிக்கப் போகும், மைலேஜ் போகும், பேட் தேயும். வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு இறங்கி, சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நான்கு ரிம்மிலும் காட்டுங்கள். முன்சக்கரம் இரண்டும் ஒரே மாதிரி, பின்சக்கரம் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் குற்றவாளி அதுதான். ஊருக்குக் கிளம்பும்போது ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கியரைப் பார்க்கிங்கில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். முன்பம்பருக்குள் இருக்கும் இன்டர்கூலரின் அலுமினியத் தகடுகளிலும் உப்புப் பூத்திருக்கும். மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் கன்னை அதில் காட்டினால் தகடுகள் மடங்கி, காற்றுப் போக வழியே இல்லாமல் ஆகிவிடும்.

இங்கேதான் வாரண்டி வேலைக்கு வருகிறது. சர்வீஸ் சென்டருக்குப் போய், "வண்டி முன்பு போல இழுக்கவில்லை, பிரேக் பிடித்துக்கொள்வது மாதிரி இருக்கிறது" என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுத்தில் வர வேண்டும். ஈசியூவில் பதிவான பிழைகள், பூஸ்ட் கேட்ட அளவுக்கு வருகிறதா, டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாகப் போகும் குழாயில் எங்கேயாவது கசிவு உண்டா, நாக் சென்சார் எவ்வளவு டைமிங்கைக் குறைக்கிறது, ஸ்பார்க் பிளக் எப்படி இருக்கிறது, கம்பெனி புது சாஃப்ட்வேர் ஏதாவது விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குழாயில் ஒரு கிளிப் லூசானாலே டர்போ திணித்த காற்று வெளியே போய்விடும். அது வாரண்டியில் சரிசெய்ய வேண்டிய குறை. ஏர் ஃபில்ட்டரும் கம்பெனி ஃபில்ட்டரே போடச் சொல்லுங்கள். எண்ணெய் தடவிய பந்தய ஃபில்ட்டர் போட்டால் சத்தம் மாறும், காற்றை அளக்கும் சென்சாரில் எண்ணெய் படியும் வாய்ப்பும் வரும். பிக்கப் மாறியது என்று சொல்கிறவர்களில் பாதிப்பேருக்குக் காதில்தான் மாறியிருக்கும்.

இனி டயர். 5.4 நொடிக் காரில் முதல் இரண்டு நொடியை எஞ்சின் தீர்மானிப்பதில்லை, டயர்தான் தீர்மானிக்கும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கிளம்பும்போது எடை பின்பக்கம் சாய்வதால் மொத்த எடையில் சுமார் 60 சதவீதம் பின்சக்கரத்தில் இருக்கிறது என்று வைப்போம். ரப்பர் கெட்டிப்பட்டு உராய்வு 0.9 என்று இருந்தால் 50 கி.மீ. வேகத்தைத் தொட 2.6 நொடி ஆகும். நல்ல டயரில் அது 1.05 ஆனால் 2.25 நொடி. வித்தியாசம் 0.35 நொடி, எஞ்சினைத் தொடாமலே. டயரின் பக்கச் சுவரில் டாட் என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2321 என்றிருந்தால் 2021ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்த டயர். வண்டி புதுசானாலும் டயர் அதற்கு முன்பே செய்து கிடங்கில் இருந்திருக்கலாம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதால் தட்டையான பகுதியும் விழுந்திருக்கலாம். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்தெந்த அளவு டயர் போடலாம், எவ்வளவு காற்று என்று கம்பெனியே அச்சடித்திருக்கும். அந்த அளவுக்குள், அதே லோடு, ஸ்பீடு எண்களோடு நல்ல பிராண்டின் ஸ்போர்ட்ஸ் டயர் போட்டால் வாரண்டிக்கு ஒரு குறையும் வராது. என்னைக் கேட்டால் முதல் செலவை இதில்தான் செய்யச் சொல்வேன். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பிடிப்புக்கென்று அளவுக்குக் கீழே இறக்கி ஓட்டாதீர்கள்.

எடைக் கணக்கு இதைவிட எளிது. 1,500 கிலோ வண்டியில் 60 கிலோ குறைந்தால் நான்கு சதவீதம், அதாவது 0.2 நொடிக்குப் பக்கம். டிக்கியில் இருக்கும் சப்வூஃபர் பெட்டியும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தால் 25 கிலோ வந்துவிடும். 50 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 37 கிலோ. பறக்கும் என்று சொல்லிப் பக்கத்தில் ஏறி உட்காரும் கூட்டாளியை இறக்கிவிட்டாலே 75 கிலோ குறையும், சிப் செலவும் மிச்சம். ஆனால் எடைக்காகப் பின் சீட்டைக் கழற்றுவது, ஏர்பேக் தொடர்புள்ள எதையாவது பிரிப்பது எல்லாம் வேண்டாத வேலை.

எடை குறைந்த ஃபோர்ஜ்டு ரிம் பற்றியும் கேட்பீர்கள். ஒரு சக்கரத்துக்கு மூன்று கிலோ வீதம் 12 கிலோ குறைந்தால், சுழலும் எடை என்பதால் ஓட்டத்தில் அது 18, 20 கிலோ குறைந்த பலனைத் தரும். பிக்கப்பில் அது 0.07 நொடி. ஸ்டியரிங்கிலும், குண்டு குழியில் சக்கரம் துள்ளுவதிலும் நன்றாகத் தெரியும். பிக்கப்புக்காக மட்டும் லட்சங்களைக் கொட்ட வேண்டியதில்லை. போடுவதானால் கம்பெனி அக்சஸரிப் பட்டியலில் உள்ளதை ஷோரூமிலேயே போட்டு, பில்லில் பார்ட் எண் வரச் செய்யுங்கள்.

ஆக்ஸிலரேட்டர் பெடலில் சொருகும் சின்னப் பெட்டி ஒன்று விற்கிறார்கள். அது ஒரு குதிரையையும் கூட்டாது. நீங்கள் 30 சதவீதம் அழுத்தினால் 60 என்று ஈசியூவிடம் சொல்லும், அவ்வளவுதான். முழுசாக அழுத்தினால் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 100தான். இதைத்தான் வண்டியில் உள்ள ஸ்போர்ட் மோட் காசில்லாமல் செய்கிறது. பின்பக்க சைலன்சரை மட்டும் மாற்றினால் டர்போ வண்டியில் சத்தம் தவிர பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றினால் புகைச் சட்டமே உடைகிறது.

நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்ப உதவும் லாஞ்ச் கன்ட்ரோல் வண்டியிலேயே இருந்தால் அதைப் பயன்படுத்தலாமா? கம்பெனி கொடுத்ததுதான், தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் மேனுவலில் அந்தப் பக்கத்தை முழுசாகப் படியுங்கள். பாகங்கள் சீக்கிரம் தேயும், ரன்னிங்-இன் காலத்தில் கூடாது என்று எழுதியிருக்கும். இதில் நிசான் ஜிடி-ஆர் கதை பிரசித்தம். ஆர்35 மாடல் அமெரிக்காவில் 2008இல் வந்த புதிதில், வண்டி வழுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்துவிட்டு லாஞ்ச் செய்த சிலருக்குக் கியர்பாக்ஸ் உடைந்தது. அணைத்துவிட்டு ஓட்டினால் வாரண்டி கிடையாது என்று கம்பெனி சொன்னது. பெரிய சச்சரவாகி, பிறகு ப்ரோக்ராமையே மாற்றி விட்டார்கள். கம்பெனி கொடுத்த பொத்தானே ஆனாலும், எந்த நிலையில் அழுத்தினீர்கள் என்பது வண்டியில் பதிவாகும் என்பதுதான் அதில் நமக்குப் பாடம். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கு முன்னும் வாரண்டிப் புத்தகத்தைப் பாருங்கள். பந்தயம், போட்டியில் வந்த சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று அநேகமாக எல்லாக் கம்பெனியும் எழுதியிருக்கும்.

இப்போது கொச்சிக் கடைக்காரர் சொன்ன "யாருக்கும் தெரியாது" விஷயம். தெரியும். ஈசியூவில் எத்தனை முறை ப்ரோக்ராம் ஏற்றப்பட்டது என்ற எண்ணிக்கை பல வண்டிகளில் பதிவாகும். பழைய ப்ரோக்ராமைத் திரும்ப ஏற்றினாலும் எண்ணிக்கை இன்னொன்று கூடுமே தவிரக் குறையாது. ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளை ஷோரூம் கம்ப்யூட்டரில் சொருகினால், உள்ளே இருக்கும் சாஃப்ட்வேரை கம்பெனி சர்வரோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் அந்த வண்டியின் பெயரில் டிடி1 என்று குறி விழும். பிறகு நாட்டில் எந்த ஷோரூமுக்குப் போனாலும் அது தெரியும். போர்ஷேயில் எஞ்சின் எந்த மணி நேரத்தில் எந்த அளவுக்கு அதிகச் சுற்று சுற்றியது என்பது வரை வரிசையாகப் பதிவு இருக்கும். பழைய போர்ஷே வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதே அந்தத் தாளைத்தான்.

ஈசியூவைத் தொடாமல், பூஸ்ட் சென்சாரின் இடையில் சொருகும் பெட்டி வைத்தால் எண்ணிக்கை கூடாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டி சென்சாரை வைத்துப் பொய் சொல்ல வைக்கிறது. பூஸ்ட் ஒன்று, பெட்ரோல் கணக்கு ஒன்று, காற்று அளவு ஒன்று என்று எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். பிழை பதிவாகும்போது அந்த நேரத்து அளவுகளும் சேர்ந்தே பதிவாகும். டர்போ போய்விட்டது என்று நிற்கும் வண்டியில் இதைப் பார்க்கத் தெரிந்த எஞ்சினியருக்கு அதிக நேரம் ஆகாது. சேதம் சின்னதாக இருந்தால் யாரும் தோண்ட மாட்டார்கள். ஏழெட்டு லட்சம் ரூபாய் கிளெய்ம் என்றால் கம்பெனி ஆளே வந்து தோண்டுவார்.

கியர்பாக்ஸையும் மறக்கக்கூடாது. நம் மாவட்டத்தில் ஸ்போர்ட்ஸ் கார் குறைவு, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி மாதிரி வேகமான செடான்கள் நிறைய. அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அந்த 1.5 லிட்டர் டர்போவின் டார்க், அதாவது சுழற்றும் விசை, 250 நியூட்டன் மீட்டர். அதோடு வரும் டிகியூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்கும் என்று கம்பெனி குறித்த அளவும் 250தான். டியூனிங் செய்து 320க்கு ஏற்றினால் அந்த 70 எங்கே போய் மோதும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் தாங்கும், கிளட்ச் தாங்காது.

அமெரிக்கப் பக்கங்களைப் படித்துவிட்டு, "மாற்றிய பாகத்தால்தான் சேதம் வந்தது என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அது அந்த நாட்டின் 1975ஆம் வருஷத்து மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் தரும் பலம். கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப்பக்கமும் செல்லாது, அந்தப்பக்கமும் செல்லாது. நமக்கு வாரண்டிப் புத்தகத்தில் எழுதியதும், 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான். அதன் மேல் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது. கேரளத்திலிருந்து போன கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொன்னது. அனுமதி இல்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். கேரள மோட்டார் வாகனத் துறை இதில் எவ்வளவு கறார் என்று பாறசாலை தாண்டி வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் என்றால் விபத்து கிளெய்மும் சிக்கலாகும்.

கம்பெனியே விற்கும் டியூனிங் என்று ஒன்று உண்டு, அது நேர்வழி. வால்வோ தன் வண்டிகளுக்கு போல்ஸ்டார் ப்ரோக்ராமை வாரண்டி போகாமல் ஷோரூமிலேயே ஏற்றிக் கொடுத்தது. டெஸ்லா 2019 கடைசியில் 2,000 டாலர் வாங்கிக்கொண்டு மாடல் 3 காரின் 0–60 மைல் நேரத்தை 4.4லிருந்து 3.9 நொடியாக இணையம் வழியாகவே குறைத்தது. ஒரு ஸ்பானரும் எடுக்காமல் அரை நொடி! உங்கள் காருக்கு இந்தியாவில் அப்படி ஏதாவது உண்டா என்று ஷோரூமில் கேளுங்கள். வெளிநாட்டில் மட்டும் விற்பதை ஓமனிலிருந்து வாங்கிவந்து இங்கே ஏற்றினால் அதற்கு இங்குள்ள கம்பெனி பொறுப்பேற்காது.

எதைப் போடுவதானாலும் முன்பே ஒரு இமெயில். "இந்தச் சேசிஸ் எண் வண்டியில், இந்தப் பார்ட் எண் கொண்ட பாகத்தைப் பொருத்தினால் எந்தெந்தப் பகுதியின் வாரண்டி பாதிக்கப்படும்?" என்று கேளுங்கள். "பிரச்சினை இல்லை சார்" என்று சர்வீஸ் அட்வைசர் போனில் சொன்னது ஒன்றுக்கும் உதவாது. அடுத்த வருஷம் அவர் வேறு ஷோரூமில் இருப்பார். நியாயமான கிளெய்மை மறுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டினால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையம் எடுக்காது. 2 கோடி வரை மாநில ஆணையம்தான். அதற்கு மதுரையில் கிளை இருப்பதால் சென்னை வரை அலைய வேண்டாம். அங்கே உங்கள் பக்கம் பேசப்போவது அந்த இமெயிலும் ஜாப் கார்டும்தான்.

இத்தனையும் செய்த பிறகும் டியூனிங் ஆசை போகவில்லை என்றால், ஆறு மாதம் கழித்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். வாரண்டி முடிவதற்கு முன்னால் ஷோரூமிலிருந்து எக்ஸ்டெண்டெட் வாரண்டி எடுக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதை எடுத்தால் டியூனிங்கை இன்னும் இரண்டு வருஷம் மறந்துவிடுங்கள். அதற்கும் இதே நிபந்தனைகள்தான். டியூனிங்தான் வேண்டும் என்றால் அந்தப் பணத்தைக் கட்டாமல், அதைவிடக் கூடுதலாகவே ஒரு தொகையைக் கியர்பாக்ஸுக்கும் டர்போவுக்கும் என்று தனியாக எடுத்து வையுங்கள். வருஷத்தில் ஒன்பது மாதம் உப்புக்காற்றில் நிற்கிற வண்டி என்பதால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் எக்ஸ்டெண்டெட் வாரண்டியைத்தான் எடுப்பேன்.